சீழ்க்கை ஒலியும் போர்க்களச் செவியும்

அறிவியல் வளர்ச்சிக்குப் போரே தாய் என்னும் கூற்று அடிக்கடி எடுத்துரைக்கப்படுவதுண்டு. புவியின் காந்தமண்டலத்தினூடாக வரும் மிகத் தாழ்ந்த மீடிறன் கொண்ட இயற்கை வானொலி அலைகளின் ஆய்வு வரலாறு, முதற்பார்வையில் இக்கூற்றுக்குச் சான்றாகவே தோன்றும்.

முதலாம் உலகப் போரின்போது, எதிரணியினரின் களத் தொலைபேசி உரையாடல்களை ஒற்றுக்கேட்பதற்காக ஜேர்மானியர் நிலத்தில் உலோக முனைகளைப் பதித்து, அவற்றை விரியலாக்கியுடன் இணைத்தனர். அப்பணியிலிருந்த பௌதிகவியலாளர் ஹெயின்றிக் பார்க்கௌசன், உச்சத்தில் தொடங்கி விரைந்து தாழும் சீழ்க்கை ஒலியொன்றைச் சில வேளைகளிற் கேட்டார். எறிகுண்டுகள் பறக்கும் ஓசை கேட்கிறதென்றனர் போர்வீரர். 1919இல் அவர் இதனை வெளியிட்டார். உறுதியான விளக்கம் கிட்டவில்லை.

ஆயின், 1886இலேயே ஒஸ்திரியாவில் 22 கிலோமீற்றர் நீளமான தொலைபேசிக் கம்பியொன்றில் இத்தகைய ஒலிகள் கேட்கப்பட்டிருந்தன. 1894இல் வடமுனைச் சோதி தோன்றிய வேளையில் பிரித்தானியத் தந்தி ஊழியரும் விசித்திரமான ஓசைகளைக் கேட்டனர். இதில் வியப்பில்லை. இவ்வலைகளின் மீடிறன் நமது செவிக்கெட்டும் ஒலியின் மீடிறனை ஒத்தது. நீண்ட கம்பியும் கேள்கருவியும் இருந்தாற் போதும். பார்க்கௌசனின் பெயர் நூல்களில் நிலைபெற்றது; அவ்வூழியரின் பெயர்களோ அவற்றில் இடம்பெறுவது அரிது. போர் கூர்மையான செவியைத் தந்ததென்பது உண்மையே. ஆனால் ஒற்றுக்கேட்போனுக்கு அவ்வொலி வெறும் இடையூறு.

விளக்கம் அமைதிக்காலத்திலேயே பிறந்தது. மின்னலில் ஒருங்கே எழும் அலைகளுள் உயர் மீடிறனுடையவை முந்தியும் தாழ் மீடிறனுடையவை பிந்தியும் வந்துசேர்வதாலேயே சீழ்க்கை உண்டாகின்றதென 1935இல் எக்கேசுலி காட்டினார். அவை எங்ஙனம் பிரிந்தன? கேம்பிறிட்ஜில் ஆய்வு மாணவராயிருந்த ஸ்ரோறி 1953இல் இதற்கு விடை தந்தார். அவ்வலைகள் புவிக்காந்த விசைக்கோடுகளைப் பற்றி, பல்லாயிரம் கிலோமீற்றர் உயரத்துக்கு எழுந்து மறு அரைக்கோளத்தை அடைகின்றன. அவ்வாறாயின் அவ்வுயரத்திலும் இலத்திரன்கள் இருத்தல் வேண்டும். கன சென்ரிமீற்றருக்குச் சில நூறு என அவர் கணித்தார். விண்கலம் எதுவும் ஏவப்படாத காலத்தில், வெறுவெளியென எண்ணப்பட்ட இடத்தைப் பற்றிக் கூறப்பட்ட முடிவு இது.

1963இல் அமெரிக்கரான காப்பென்ரர், குறித்த தூரத்துக்கப்பால் இலத்திரன் செறிவு திடீரெனக் குறைவதைச் சீழ்க்கைப் பதிவுகளிலிருந்தே கண்டறிந்தார். 1959இல் ஏவப்பட்ட சோவியத் லூனா விண்கலங்களின் அளவீடுகளிலிருந்து கிறிங்கௌஸ் இவ்வீழ்ச்சியை ஏற்கெனவே கண்டிருந்தார். மேற்குலகில் அது முதலிற் போதிய கவனம் பெறவில்லை. நிலத்திற் கேட்ட சீழ்க்கையே பின்னர் அதற்குச் சான்றாயிற்று.