காட்டுத்தீயில் குதித்த 555

1945 மே மாதம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள பென்டில்டன் விமானத்தளத்திற்கு 555ஆம் பாராசூட் காலாட்படைப் பிரிவு வந்து சேர்ந்தது. அதிகாரிகள் உட்பட அனைவரும் கறுப்பினத்தவர். ‘டிரிப்பிள் நிக்கல்ஸ்’ என்பது அவர்களின் பட்டப்பெயர். நிக்கல் என்றால் ஐந்து சென்ட் நாணயம்; மூன்று நிக்கல், மூன்று ஐந்து. போர்முனையை எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் காட்டப்பட்ட எதிரி காட்டுத்தீ.

காரணம், ஜப்பான் 1944 நவம்பர் முதல் பசிபிக் பெருங்கடலுக்கு மேலாகப் பறக்கவிட்ட 9,000க்கும் மேற்பட்ட வெடிகுண்டு பலூன்கள். அமெரிக்கக் காடுகளைக் கொளுத்துவது அவற்றின் நோக்கங்களுள் ஒன்று. அவற்றைச் சுமந்து சென்ற உயர்வளிக் காற்றோட்டத்தை வாசாபுரோ ஓயிஷி என்னும் ஜப்பானிய வானிலையாளர் 1920களிலேயே அளந்திருந்தார். முடிவுகளை 1926இல் அவர் வெளியிட்டது எஸ்பெராந்தோ மொழியில்! உலகப் பொதுமொழியாக வகுக்கப்பட்ட அம்மொழியில் எழுதியதை மேற்குலகம் ஏறத்தாழக் கண்டுகொள்ளவே இல்லை. மொழியியல் மாணவர்கள் சிரிக்கவும் வருந்தவும் இடமுண்டு.

அமெரிக்க அரசு காத்த மௌனம் வேறு வகை. பலூன் செய்திகளை வெளியிட வேண்டாமென்று இதழ்களைக் கேட்டுக்கொண்டது, அவையும் இணங்கின. எதிரிக்குத் தகவல் எட்டக்கூடாது என்ற கணக்கு சரிதான். ஆனால் மே 5 அன்று ஓரிகனின் பிளை என்னும் ஊரருகே காட்டில் கிடந்த பலூனை நெருங்கி மாண்ட ஒரு பெண்ணுக்கும் ஐந்து சிறாருக்கும் அது இன்னதென்று தெரிந்திருக்கவில்லை.

பென்டில்டனில் வனத்துறையினர் அளித்த பயிற்சி, படையில் கற்றதைத் தலைகீழாக்கியது. பாராசூட் வீரர் மரத்தை விட்டு விலகியே இறங்க வேண்டும் என்பது படையின் பாடம். இங்கோ, பாறைச் சரிவில் எலும்பு முறிவதைவிட மரக்கிளையில் சிக்குவதே மேல். அதனால் மரத்தைத் தேடி இறங்கவும், உடன் கொண்டுசென்ற 50 அடிக் கயிற்றைப் பற்றித் தரைக்கு வரவும் பழகினர். முகத்தைக் காத்தது, கம்பிவலை பொருத்திய கால்பந்துத் தலைக்கவசம். வெடிக்காத குண்டுகளைக் கையாளவும் கற்றனர். இத்தனைக்கும், நகரத்தின் பெரும்பாலான மதுக்கூடங்களும் உணவகங்களும் அவர்களுக்குப் பரிமாற மறுத்தன.

அவ்வாண்டில் 36 தீகள், சுமார் 1,200 குதிப்புகள். பலூன் மூட்டிய பெருந்தீ எதையும் அவர்கள் காணவில்லை. காற்று வலுத்திருந்த குளிர்காலத்தில் காடுகள் நனைந்து கிடந்தன. ஏப்ரலிலேயே ஜப்பான் பலூன் விடுவதை நிறுத்திவிட்டது. அவர்கள் அணைத்தவை பெரும்பாலும் மின்னலும் மனிதரும் மூட்டியவை. அதனால் அந்த வேலை எளிதாகிவிடவில்லை. படைப்பிரிவின் மருத்துவ உதவியாளர் மால்வின் பிரவுன், உம்ப்குவா தேசிய வனத்தில் மரத்திலிருந்து இறங்குகையில் விழுந்து இறந்தார். பாராசூட்டில் குதித்துத் தீயணைக்கும் பணியில் உயிரிழந்த முதல் மனிதர் அவரே. அன்று 1945 ஆகஸ்ட் 6; ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்த அதே நாள்.