புகார்க் காண்டமும் ஒரு ராஜினாமாவும்

மலருக்குக் கட்டுரை கேட்டு சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்தார். "வேலம்பாளையத்தில் இருந்துகொண்டு பனியனைப் பற்றியே எழுதாதே தம்பி, சரித்திரம் ஏதாவது எழுது" என்றார். சரித்திரம் என்றதும் எனக்கு நம் ஹாஸ்டல் மெஸ்தான் ஞாபகம் வந்தது!

எங்கள் பேட்ச் மெஸ் செக்ரட்டரி மேல் அரிசிக் கணக்கில் புகார் வந்தது. "கணக்குப் பார்த்து முடிக்கிற வரைக்கும் நான் இருக்கக் கூடாது" என்று அன்றைக்கே ஸ்டோர் சாவியைக் கொடுத்துவிட்டான். பத்து நாளில் கணக்கு நேரானது. சாவி மட்டும் அவனிடம் திரும்பிப் போகவில்லை. 'ஏதோ இருந்ததால்தானே விலகினான்' என்று ரூம் ரூமாகப் பேசினார்கள். நானும் பேசினேன்.

புகார் வந்தால் பதவியில் இருப்பவர் விலக வேண்டுமா? இந்தக் கேள்வி சுதந்திரம் வந்த அடுத்த வருஷமே நம் பக்கத்துக்காரர் ஒருவரிடம் வந்து நின்றது. அவர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1892-ல் கோவையில் பிறந்தவர், கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர். காங்கிரஸ்காரர் அல்ல. ஆனாலும் நேரு மந்திரிசபையில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி. 1947 நவம்பர் 26-ல் அவர் வாசித்த முதல் பட்ஜெட்டில், ஏழரை மாதத்துக்கு நாட்டின் மொத்தச் செலவே சுமார் 197 கோடி ரூபாய். இன்றைக்குத் திருப்பூரின் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள் வருஷத்துக்கு அதைவிட அதிகம் பார்க்கின்றன!

சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதிய அவரையே ஒரு புகார் வந்து பிடித்தது. வரி ஏய்த்தவர்களைத் துருவ 1947-ல் ஒரு விசாரணைக் கமிஷன் அமைத்திருந்தார்கள். அதற்குப் போன பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டன, அதில் கோவை மில் முதலாளிகளும் உண்டு என்று பேச்சு எழுந்தது. 1948 ஆகஸ்டில் ராஜினாமா செய்தார். எந்தக் கோர்ட்டும் அவரைக் குற்றவாளி என்று சொன்னதில்லை. ஆனால் 1953-ல் காலமாகும் வரை டில்லி மந்திரிசபைக்கு அவர் திரும்பவேயில்லை.

அடுத்த பத்து வருஷத்துக்குள் இன்னொரு தமிழர், இன்னொரு நிதி மந்திரி: டி.டி. கிருஷ்ணமாச்சாரி. முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் எல்.ஐ.சி. சுமார் ஒண்ணேகால் கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கிய விவகாரம். பாராளுமன்றத்தில் கிளப்பியவர் நேருவின் மருமகன், ஆளும் கட்சி எம்.பி. பெரோஸ் காந்தி! நீதிபதி சாக்ளா பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். 1958 ஜனவரியில் விசாரணை, பிப்ரவரியில் அறிக்கை, அதே மாதம் டி.டி.கே. ராஜினாமா. 1962-ல் மறுபடி மந்திரி, அடுத்த வருஷம் மறுபடி நிதி. சீக்கிரம் விசாரித்தார்கள், அதனால் திரும்பி வரவும் வழி இருந்தது.

இப்போது கதை வேறு. ஆ. ராசா 2010 நவம்பரில் விலகினார், 2017 டிசம்பரில் விடுதலையானார். ஏழு வருஷம். செந்தில் பாலாஜி 2023 ஜூனில் கைதாகி, இலாகா இல்லாத மந்திரியாக எட்டு மாதம் சிறையிலேயே நீடித்தார். 2024 பிப்ரவரியில் விலகினார். செப்டம்பரில் ஜாமீன் கிடைத்த மூன்றாம் நாள் மறுபடி பதவிப் பிரமாணம். பதவியா, ஜாமீனா என்று சுப்ரீம் கோர்ட் கேட்ட பிறகு 2025 ஏப்ரலில் இரண்டாம் முறை ராஜினாமா. புகார் 2011-15 காலத்தது. அன்றைக்கும் தீர்ப்பு வந்திருக்கவில்லை.

எங்கள் கம்பெனி செக்கிங்கில் ஒரு துணி ரோல் மேல் சந்தேகம் வந்தால் தனியே எடுத்து வைப்போம். ரிஜெக்ட் என்று அர்த்தமில்லை. பார்த்து, சரியாக இருந்தால் கட்டிங்குக்குப் போய்விடும். அதனால் விலகத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் செக்கிங்குக்கே பத்து வருஷம் ஆகும் என்றால் எந்த மாஸ்டர் ரோலைத் தனியே வைப்பார்? 30 நாள் தொடர்ந்து காவலில் இருக்கும் மந்திரியின் பதவி போகும் என்று 2025 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் ஒரு மசோதா வைத்தார்கள். வெளியே வந்தால் மறுபடி நியமிக்கலாம் என்றும் அதில் உண்டு. வழக்கை எத்தனை நாளில் முடிப்பது என்பதுதான் இல்லை. தவிர, பிடிக்கிற போலீஸ் எதிராளியின் கையில் இருந்தால்? அந்தப் பயமும் நியாயம்தான்.

நம் மெஸ் செக்ரட்டரி இந்த வருஷம் சந்திப்புக்கு வருகிறானாம். சங்கப் பொருளாளர் பதவி காலியாக இருக்கிறது. அவன் பெயரை நான் முன்மொழியப் போகிறேன். வழிமொழிய எங்கள் பேட்சில் யாராவது ஒருவர் கை தூக்குங்கள்.