கடற்சாமந்தியில் குடியிருக்கும் மீன்

தென்சீனக் கடல் என்றதும் வாணிபக் கப்பல்களையே நாம் நினைக்கிறோம். அக்கடலின் பவளப்பாறைகளிலும் ஒரு வரலாறு உண்டு.

1860களில் கத்பர்ட் காலிங்வுட் என்ற ஆங்கில இயற்கை ஆய்வாளர் கடற்படைக் கப்பலில் இவ்வட்டாரத்திற்கு வந்தார். பாறையொன்றில் மிகப் பெரிய கடற்சாமந்தியைக் கண்டார். கடற்சாமந்தி பூவைப் போலத் தோன்றினாலும் விலங்கினமே. அதன் இழைகளில் நஞ்சு உண்டு. பட்ட சிறுமீன் இரையாகிவிடும். ஆனால் அவ்விழைகளுக்கு நடுவே சில மீன்கள் அச்சமின்றி நீந்திக் கொண்டிருந்தன! 1868இல் அவர் அதை எழுதி வெளியிட்டார். அம்மீன்களை ஏறக்குறைய ஒட்டுண்ணிகள் என்றே எண்ணினார். அவரே முதலில் கண்டவர் என நாம் சொல்லமாட்டோம். தலைமுறை தலைமுறையாக அங்கே மீன்பிடித்தவர்களின் கண்ணுக்கு அது தப்பியிருக்குமா?

அதுதான் கோமாளி மீன். செம்மஞ்சள் உடலில் மூன்று வெள்ளைப் பட்டைகள் கொண்ட நம் கடல் இனத்திற்கு, பிரெஞ்சு அறிஞர் குவியே 1830இலேயே பெயர் சூட்டிவிட்டார். பெயர் முன்னே வந்தது. அதன் வீட்டைப் பற்றிய செய்தி பின்னே வந்தது.

நஞ்சு ஏன் அதைத் தாக்குவதில்லை? மீனின் மேலுள்ள வழுவழுப்பான கோழையே காப்பு என்று 1958இல் டேவன்போர்ட், நாரிஸ் என்ற இருவர் காட்டினர். அக்கோழை பிறவியிலேயே அமைந்ததா, சாமந்தியின்மீது உரசி உரசிப் பெற்றதா என்ற வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை.

1977இல் வெளியான ஓர் ஆய்வு நம்மை இன்னும் வியக்க வைக்கிறது. ஹான்ஸ் ஃபிரிக்கே, சிமோன் ஃபிரிக்கே ஆகியோர் இம்மீன்களின் குடும்பத்தை ஆராய்ந்தனர். ஒரு சாமந்தியில் மிகப் பெரியதே பெண், அடுத்தது ஆண், மற்றவை முட்டையிடும் உரிமையற்ற சிறியவை. பெண் இறந்தால் ஆணே பெண்ணாக மாறிவிடும். சிறியவற்றுள் பெரியது ஆணின் இடத்தைப் பிடிக்கும். 2003இல் வந்த கார்ட்டூன் படத்தில் தாயை இழந்த குஞ்சைத் தந்தை வளர்ப்பதை நம் பிள்ளைகள் பார்த்திருப்பர். உண்மைக் கடலில் அந்தத் தந்தை தாயாகியிருக்கும்!

தொட்டிக்காக ஒரு பெரிய மீனைப் பிடித்துச் செல்வது ஒரு குடும்பத்தின் தலைவியைப் பிடித்துச் செல்வதாகும். இன்று தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்க்க முடிகிறது என்பது ஆறுதல். கடல்நீர் சூடேறுவதோ அதைவிடப் பெரிய ஆபத்து. வெப்பம் மிகுந்தால் பவளத்தைப் போலவே சாமந்தியும் தன்னுள் வாழும் பாசியை இழந்து வெளுக்கும், நீடித்தால் மடியும். 2010இல் பவளம் வெளுத்தபோது தியோமான், ரெடாங் தீவுகளில் முக்குளிப்பு இடங்கள் சிலவற்றை மலேசியா மூடி வைத்தது. சாமந்தி மடிந்தால், நீந்தி வேறிடம் தேடிச் செல்லும் மீனை வழியிலேயே பெரிய மீன்கள் விழுங்கிவிடுகின்றன.