இரண்டும் அரசுப் பணம்தான்

இந்தோனேசியாவில் அரசுப் பணத்தில் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்தாலே போதும், அந்த நாட்டு சினிமா வந்த தூரம் தெரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. டச்சு ஆட்சியிலேயே, 1926-ல் பாண்டுங்கில் ‘லூதுங் கசாருங்’ என்ற மௌனப் படம் வந்தாச்சு. ஆனால் அந்நாட்டுக்காரர்கள் ‘நம்ம சினிமா’வின் பிறந்தநாளாகக் கொண்டாடுவது 1950 மார்ச் 30. உஸ்மார் இஸ்மாயில் ‘டாரா டான் டோவா’ படப்பிடிப்பைத் தொடங்கிய நாள் அது.

இனி முதல் படம். 1965-ல் ஜகார்த்தாவில் ராணுவ ஜெனரல்கள் கொல்லப்பட்டார்கள். பழி கம்யூனிஸ்டுகள் மேல் விழுந்தது. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்று தீர்த்தார்கள். சுகார்த்தோ ஆட்சிக்கு வந்தார். 1984-ல் அரசுத் திரைப்பட நிறுவனம் இதைப் படமாக்கியது. இயக்கம் அரிஃபின் சி. நூர். நாலரை மணி நேரம்! ஜெனரல்களின் சாவு விலாவாரியாக இருக்கும். அந்த லட்சக்கணக்கானவர்களின் சாவு இருக்காது. பள்ளிப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பார்க்க வைத்தார்கள். வருஷா வருஷம் செப்டம்பர் 30 அன்று டிவியிலும் போட்டார்கள். 1998-ல் சுகார்த்தோ விழுந்த பிறகுதான் நின்றது.

அதற்குள் உள்ளூர் சினிமாவே படுத்துவிட்டது. தனியார் டிவியின் ‘சினெட்ரோன்’ தொடர்கள் ஜனங்களை வீட்டிலேயே உட்கார வைத்தன. தியேட்டர்களை ஹாலிவுட் பிடித்துக்கொண்டது. 2002-ல் ‘அடா அபா டெங்கன் சிந்தா?’ வந்துதான் இளவட்டங்களைத் திரும்பக் கூட்டி வந்தது.

இரண்டாவது படம் 2018-ல் வந்த ‘திலிக்’. பணம் கொடுத்தது யோக்யகர்த்தா மாகாணப் பண்பாட்டுத் துறை. இயக்கம் வாயு அகுங் பிரசெத்யோ. அரை மணி நேரக் குறும்படம். கிராமத்துப் பெண்கள் லாரியில் ஏறி, ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்கப் போகிறார்கள். வழியெல்லாம் ஜாவானிய மொழியில் ஊர்வம்பு. மறித்த போலீஸ்காரரையும் கத்தியே மடக்கிவிடுகிறார்கள். 2020 ஆகஸ்டில், கொரோனாவால் தியேட்டர்கள் பூட்டிக் கிடந்தபோது, யூடியூபில் ஏற்றினார்கள். பார்வைகள் இரண்டு கோடியைத் தாண்டின.

உடனே சண்டையும் வந்தது. பெண்கள் என்றால் வம்பளப்பவர்கள்தானா, முடிவு அந்த வம்பையே நியாயப்படுத்துகிறதே என்று ஒரு தரப்பு. கிராமம் அப்படியே இருக்கிறது என்று இன்னொரு தரப்பு.

எனக்கு இந்தச் சண்டைதான் முக்கியம். 1984 படத்தை ஒரு நாடே பார்த்தது. ஆனால் சுகார்த்தோ இருந்தவரை அதோடு பகிரங்கமாகச் சண்டை போட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ‘திலிக்’கை யாரும் பார்க்கச் சொல்லவில்லை. பார்த்தார்கள், பிடிக்காதவர்கள் பிடிக்கவில்லை என்று சத்தமாகவே சொன்னார்கள்.