ஓலையும் செப்பேடும்: சோழர் கணக்குக் காத்த முறை

ஓர் அரசோ, சங்கமோ, பள்ளியோ நெடுநாள் நிலைபெற வேண்டுமாயின், தன் கணக்குகளை எங்கே, எவர் பொறுப்பில், எவ்வடிவில் வைப்பது என்னும் வினாவுக்கு விடை காணல் வேண்டும். இதனை இந்நாளில் கணினி வல்லார் ‘தரவுக் கட்டமைப்பு’ என்பர். பெயர் புதிது, வினா பழையது. சோழப் பேரரசு அதற்குக் கண்ட விடையை ஆனைமங்கலச் செப்பேடுகள் தெளிவுறக் காட்டுகின்றன. ஆலந்து நாட்டு லெய்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டமையால் அவற்றை லெய்டன் செப்பேடுகள் என்றும் வழங்குவர்.

கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எடுப்பிக்கத் தொடங்கினான். பழைய கடாரம் இன்றைய கெடாவே என்பது அறிஞர் பலரின் துணிபு. அவ்விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1005–06இல், பள்ளிச்சந்தமாக அளித்தான். ஊரின் பரப்பு 97 வேலிக்குச் சற்று மிகுதி. அது இறுத்துவந்த காணிக்கடன் 8,943 கலம் நெல்லுக்கு மேல். இத்துணைப் பெரிய வருவாய் அரசின் கணக்கினின்று நீங்கி விகாரத்தைச் சேரவேண்டும். கணக்கில் ஒரு பிழை நேரினும் அரசுக்கோ, விகாரத்துக்கோ, உழுவோர்க்கோ இழப்பு உண்டாகும்.

மன்னன் வாய்மொழியாக இட்ட ஆணையைத் திருமந்திர ஓலை எழுதுவோன் எழுதினான். ஓலைநாயகர் அதனை ஒப்புநோக்கி இசைந்தனர். பின்னர் அது புரவுவரித் திணைக்களத்தை அடைந்தது. வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலிடு, பட்டோலை எனப் பல பெயர் கொண்ட அலுவலர் கூடியிருக்க, அது கணக்கில் ஏறியது. எழுதுவோன் ஒருவன், சரிபார்ப்போன் வேறொருவன், பதிவோன் மற்றொருவன் என்னும் பிரிவினை ஈண்டுக் கருதத்தக்கது.

இவ்வளவில் பணி முடியவில்லை. தலைநகரின் பொத்தகம் நிலத்தின் அளவை அறியும்; வாய்க்காலின் போக்கையும் வரப்பின் வளைவையும் நாட்டாரே அறிவர். ஆதலின் திருமுகம் நாட்டார்க்குச் சென்றது. அவர்கள் பிடியானையை எல்லை வழியே நடத்தி, கல்லும் கள்ளியும் நாட்டி, அறவோலை எழுதினர். ஆனைமங்கலத்தின் எல்லைகள் அயலூர்களின் பெயரோடும் நிலங்களின் பெயரோடும் விரிவாகக் குறிக்கப்பெற்றன. இங்ஙனம் வரி பற்றிய செய்தி தலைநகரிலும், எல்லை பற்றிய செய்தி நாட்டிலும் பிறந்து, இரண்டும் ஓர் ஆவணத்தில் இணைந்தன.

இராசராசனுக்குப் பின் அவன் மகன் இராசேந்திரன் இக்கொடையைச் செப்பேட்டில் பொறிப்பித்தான். அதே இராசேந்திரன் ஏறத்தாழ 1025இல் கடாரத்தின்மீது படை செலுத்தினான் என்பது வரலாறு. எனினும் 1090இல் முதலாம் குலோத்துங்கன் கடாரத்து அரசனின் தூதர் வேண்டியவாறு, நாகப்பட்டினத்துப் பெரும்பள்ளிகளின் ஊர்களுக்கு வரிநீக்கம் அளித்து வேறு செப்பேடு வழங்கினான். இடையில் போர் நிகழ்ந்தும் பள்ளிகளின் உரிமை அற்றுப் போகவில்லை.

இம்முறைக்கும் குறை உண்டு. பலர் கை மாறிச் செல்வதால் காலம் மிகச் செல்லும். நெடுங்காலம் மாறாத நில உரிமைக்கு இது பொருந்தும். நாள்தோறும் மாறும் பண்டசாலைக் கணக்குக்குப் பொருந்தாது. மற்றொன்றும் உண்டு. திணைக்களத்து ஓலைப் பொத்தகங்கள் யாவும் அழிந்தன. செம்பிலும் கல்லிலும் ஏறியவையே எஞ்சின. கொடைகளைப் பற்றி நாம் மிகுதியாக அறிந்தும், பேரரசின் மொத்த வருவாய் எவ்வளவு என்று அறுதியிட்டுக் கூற இயலாமைக்கு இதுவே காரணம்.

ஆகவே, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்தலோ, அவரவர் விருப்பப்படி சிதறவிடுதலோ பொதுவிதி ஆகாது. செய்தியை நேரில் அறிந்தவர் யார், அதனைச் சரிபார்ப்பவர் யார், அஃது எத்துணைக் காலம் வேண்டப்படும் என்னும் மூன்றையும் ஆராய்ந்தே முறையைத் தெரிதல் வேண்டும். பழைய மாணவர் பதிவேடு கறையான் அரித்துப் போனபின் வருந்தும் பள்ளிகளும், செயலாளர் மாறியவுடன் கணக்கை இழக்கும் சங்கங்களும் ஆனைமங்கலச் செப்பேட்டினின்று கற்கவேண்டிய பாடம் இதுவே.