31 நாட் பர்க்கும் நாகசாகிக் கப்பலும்

ஜப்பானிய நாசகாரிக் கப்பல் கோங்கோ ஹவாய்க்குப் போன கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் அந்தக் கப்பலையும் அதன் அமெரிக்க அண்ணனையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவின் ‘ஆர்லி பர்க்’ 1991 ஜூலை 4 அன்று நார்ஃபோக்கில் பணியில் சேர்ந்தது. ஜப்பானின் ‘கோங்கோ’ நாகசாகியில் மிட்சுபிஷி கட்டியது. 1993 மார்ச்சில் சேர்ந்தது. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அதே ஏஜிஸ் வான் தற்காப்பு அமைப்பு, நாலு திசையும் பார்க்கும் அதே ரேடார், நான்கு கேஸ் டர்பைன்கள், தளத்துக்கு அடியில் செங்குத்தாக நிற்கும் 90 ஏவுகணைக் கூடுகள். தம்பி ஏழு மீட்டர் நீளம் கூடுதல். ஆயிரம் டன் எடையும் கூடுதல். படைத்தலைவர் ஏறி நின்று மொத்த அணியையும் நடத்த வசதியாக மேல்கட்டை உயர்த்தியிருக்கிறார்கள். முன்பக்கப் பீரங்கி இத்தாலிய வடிவமைப்பு. தரையைத் தாக்கும் டோமஹாக் அமெரிக்கக் கப்பலில் உண்டு, கோங்கோவில் வைக்கவில்லை. தாக்கப் போகும் கடற்படைக்கும் தற்காக்க மட்டுமே அனுமதி பெற்ற கடற்படைக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஓர் ஏவுகணையில் இருந்தது.

ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அண்ணனின் பெயர். ஜப்பான் தன் முதல் ஏஜிஸ் கப்பலுக்கு எந்த வகையை அடிப்படையாக எடுத்துக்கொண்டது? ஜப்பானிய நாசகாரிகளை வேட்டையாடிப் பேர் வாங்கிய மனிதரின் பெயர் கொண்ட வகையை!

1943 நவம்பர் 25, நள்ளிரவு தாண்டிய நேரம். ரபாவுல் தளத்திலிருந்து புறப்பட்ட ஐந்து ஜப்பானிய நாசகாரிகள், பூக்கா தீவில் இருந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தன. எதிரே கேப்டன் ஆர்லி பர்க்கின் 23ஆம் நாசகாரி அணி. அதிலும் ஐந்து கப்பல்கள். கொதிகலன் கோளாறால் முழு வேகம் எடுக்க முடியாத கப்பல் ஒன்று அணியில் இருந்தும், 31 நாட் வேகத்தில் வருகிறேன் என்று தகவல் அனுப்பியவர் அவர். அதாவது மணிக்கு 57 கிலோமீட்டர். தலைமையகம் அந்த வேகத்தையே பட்டப்பெயராக்கித் திருப்பி அனுப்பியது. சாகும்வரை அவர் ‘31 நாட் பர்க்’.

ஜப்பானியர்கள் கண்ணில் படுமுன்பே அவருடைய ரேடாரில் அவர்கள் விழுந்துவிட்டார்கள். பீரங்கியைத் தொடவில்லை, வெடித்தால் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். முதலில் டார்ப்பிடோக்களைச் சத்தமில்லாமல் விட்டார். ஓனாமி உடனே சிதறியது. மகினாமியும் அடிபட்டு மூழ்கியது. மற்ற மூன்றும் ஓட, பர்க் துரத்தினார். துரத்தும்போது திடீரென்று அணியை வலப்பக்கம் திருப்பச் சொன்னார். கொஞ்ச நேரத்தில், நேராகப் போயிருந்தால் அவர்கள் கடந்திருக்கும் நீரில் ஜப்பானிய டார்ப்பிடோக்கள் வெடித்தன. அந்தத் திருப்பத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. யூகிரியும் மூழ்கியது. அமெரிக்கத் தரப்பில் ஒரு கப்பலுக்கும் சேதமில்லை. தப்பியவற்றில் ஒன்று அமாகிரி. அதே ஆண்டு ஆகஸ்டில் கென்னடியின் படகை இடித்துப் பிளந்ததே, அதே கப்பல்தான். கென்னடி ஜனாதிபதியானபோது அவருடைய முதல் கடற்படைத் தளபதி இந்த பர்க்!

போதிய ரேடார் இல்லாத கப்பல்களை இரவுக்கு இரவு சாலமன் கடலுக்குள் தள்ளிய டோக்கியோ தலைமையை என்னால் மன்னிக்க முடியாது. அந்த மாலுமிகளைக் கொன்றதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

பர்க்கும் ஜப்பானியர்களை வெறுத்தவர்தான். 1950இல், கொரியப் போர் நேரம், டோக்கியோவில் அவருக்கு வேலை வந்தது. ரபாவுலில் தன்னை எதிர்த்து நின்ற அட்மிரல் குசாகா ஜின்இச்சி என்ன ஆனார் என்று விசாரித்தார். ரயில் பாதையில் கூலி வேலை. பர்க் உணவுப் பொட்டலம் அனுப்பிவைத்தார். குசாகா கோபத்தோடு நேரில் வந்து, யாரிடமும் எதுவும் வேண்டாம் என்றார். அந்தச் சண்டையில்தான் நட்பு பிறந்தது. பிறகு ஒரு விருந்தில் குசாகா கோப்பையைத் தூக்கி, தன் கடமையைத் தான் சரியாகச் செய்திருந்தால் இந்த பர்க் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டார் என்ற பொருளில் வாழ்த்துச் சொன்னாராம். எதிரியிடம் இப்படிப் பேச எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

பர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட நாளில் வாஷிங்டனில் தூதராக இருந்த அட்மிரல் நொமுராவும் பர்க்கின் நண்பரானார். ஜப்பானுக்கு மறுபடி ஒரு கடற்படை வேண்டும் என்று அந்தப் பழைய அட்மிரல்கள் போட்ட திட்டத்துக்கு வாஷிங்டனில் வாதாடியவர் பர்க். 1954இல் கடல் தற்காப்புப் படை பிறந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடற்படையின் தலைமைக்கு வந்த பர்க், பழசை அல்ல, புது விமானங்களை ஜப்பானுக்குக் கொடுக்க வைத்தார். 1961இல் ஜப்பான் அவருக்கு உதய சூரியன் விருது கொடுத்தது. மூன்று கப்பல்களை மூழ்கடித்தவர் என்பதற்காக அல்ல, இதற்காகவே நான் அவரை நாயகன் என்கிறேன்.

தன் பெயர் வைத்த கப்பல் பணியில் சேர்ந்தபோது அவர் உயிரோடு இருந்தார். இது அமெரிக்காவிலும் அபூர்வம். ஜப்பான் வைத்த பெயருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பழைய கோங்கோ போர்க்கப்பலை 1944 நவம்பரில் தைவான் ஜலசந்தியில் மூழ்கடித்தது அமெரிக்க நீர்மூழ்கி சீலயன். பர்க்கின் வகையில் பிறந்த கப்பலுக்கு அமெரிக்கா கொன்ற கப்பலின் பெயர்.

அந்தப் புதிய கோங்கோ, ஜப்பான் நேரப்படி 2007 டிசம்பர் 18 அன்று, ஹவாய் அருகே வளிமண்டலத்துக்கு வெளியே பறந்துகொண்டிருந்த சோதனை ஏவுகணையை அடித்து வீழ்த்தியது. அமெரிக்கக் கடற்படை அல்லாத ஒரு கப்பல் அதைச் செய்தது அதுவே முதல் முறை. அந்த நாளுக்கு ஜப்பான் எப்படித் தயாரானது, அதற்குத் தூண்டிய 1998 வட கொரிய ஏவுகணை எங்கே விழுந்தது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)