முதல் வீடு வாங்குமுன் மண்ணையும் அயலையும் அறிவோம்

சொந்த வீடு என்பது மலையக மக்களைப் பொறுத்தவரை வெறும் ஆசையன்று. தலைமுறைகள் கடந்து வந்த உரிமைக் கோரிக்கையாகும். மலையகத் தமிழரின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைவுற்றதாக 2023ஆம் ஆண்டில் நினைவுகூரப்பட்ட வேளையிலும், அவர்களுள் பெருந்தொகையானோர் லயன் அறைகளிலேயே வாழ்ந்து கொண்டிருந்தனர். கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைத்துச் சேமித்த பணத்துடன் பதுளை, ஹாலி-எல, பசறை, பண்டாரவளை, வெலிமடை ஆகிய இடங்களில் பத்துப் பேர்ச்சஸ் காணியோ சிறு வீடோ தேடுகின்ற தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பல. இவர்களில் அநேகருக்கு அதுவே முதலாவது கொள்வனவு. அது பிழைத்துப்போனால் மீண்டும் ஒருமுறை வாங்கும் வசதி இராது. ஆகவே, வீட்டின் சுவரையும் கூரையையும் பார்ப்பதற்கு முன்னர் அது நிற்கும் மண்ணையும் அயலையும் ஆராய வேண்டியது அவசியமாகும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயன் குடியிருப்புகளை மூடியதை எவரும் மறந்திருக்க முடியாது. புதையுண்ட பலரது உடல்கள் மீட்கப்படவே இல்லை. உயிர் தப்பிய குடும்பங்கள் புதிய வீடுகளைப் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்விடம் ஆபத்தானது என்பதை 2005ஆம், 2011ஆம் ஆண்டுகளிலேயே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தமை பின்னரே பரவலாக அறியவந்தது. அதாவது, தகவல் அலுவலகத்தில் இருந்தது; ஆனால், அங்கு வாழ்ந்த தொழிலாளருக்கு வேறிடம் செல்லும் தெரிவு இருக்கவில்லை. இன்று பணம் கொடுத்துக் காணி வாங்குபவருக்கு அந்தத் தெரிவு இருக்கின்றது. அதைப் பயன்படுத்தாது விடுவது எவ்வகையிலும் பொருத்தமன்று.

பதுளை மாவட்டத்திற்கான மண்சரிவு இடர் வரைபடங்களை மேற்படி நிறுவனம் தயாரித்துள்ளது. இம்மாவட்டத்தில் அதன் அலுவலகமும் இயங்குகின்றது. காணியின் நில அளவைப் படத்துடன் அங்கு சென்று, அக்காணி எந்த இடர் வலயத்தில் அடங்குகின்றது என வினவலாம். மண்சரிவு அபாயமுள்ள பகுதிகளில் வீடு கட்டுவதற்கான அனுமதியை உள்ளூராட்சி மன்றத்திடம் கோரும்போது இந்நிறுவனத்தின் அறிக்கையும் தேவைப்படும். வாங்கிய பின்னர் பெறவேண்டிய அறிக்கையை வாங்குமுன்னரே பெற முயல்வதே புத்திசாலித்தனம். தகவல் தர மறுக்கப்படின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். அதற்குரிய அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்கக் கடமைப்பட்டவர்.

காணியைப் பார்வையிடும் காலமும் முக்கியமானது. ஊவாவின் தேயிலைக்குப் பெயர் பெற்றுத்தரும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களின் வரண்ட காற்றில் எல்லா மலைச்சரிவும் உறுதியாகவே தோன்றும். பதுளைக்குப் பெருமழை வருவது ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலாகும். மீரியபெத்தை அனர்த்தமும், 2025 நவம்பர் இறுதியில் நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்துப் பதுளை மாவட்டத்தையும் கடுமையாகத் தாக்கிய டித்வா புயலும் அக்காலத்திலேயே நிகழ்ந்தன. ஆதலால் மழை நாளொன்றில் மறுபடியும் சென்று பார்ப்பது நன்று. சாய்ந்த மரங்களும் மின்கம்பங்களும், நிலத்திலும் சுவரிலும் காணும் வெடிப்புகள், திடீரெனத் தோன்றிய ஊற்று, கலங்கிய நீர், இறுகித் திறக்க மறுக்கும் கதவு ஆகியன மண் நகர்வதன் அறிகுறிகளாக இருக்கக்கூடும். மேட்டைச் செங்குத்தாக வெட்டிச் சமப்படுத்திய காணியும், பள்ளத்தை நிரப்பிய காணியும் கூடுதல் கவனத்திற்குரியவை.

நீரைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். உமா ஓயா பல்நோக்குத் திட்டத்தின் சுரங்கப் பாதையில் 2014ஆம் ஆண்டின் இறுதியில் நீர் கசியத் தொடங்கியதைத் தொடர்ந்து, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஓடைகளும் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடிப்புகள் ஏற்பட்டன. 2017இல் மக்கள் வீதிக்கிறங்கிப் போராடினர். 2024 ஏப்ரலில் திட்டம் திறந்து வைக்கப்பட்டது. இப்பகுதியில் வீடு வாங்குவோர், அக்காலத்தில் அக்கிணறு வற்றியதா, சுவர்கள் பின்னர் பூசி மறைக்கப்பட்டனவா என்பதை விற்பவரிடம் மட்டுமன்றி, அயலவரிடமும் கேட்டறிய வேண்டும். குழாய் நீர் நீர் வழங்கல் சபையினுடையதா, தோட்டத்திலிருந்து தற்காலிகமாக வருவதா என்பதும் கேட்கப்பட வேண்டிய வினாவே.

அடுத்தது உரித்து. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட்டாலன்றிச் செல்லுபடியாகாது. காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுகால உரித்து வரலாற்றையும் ஈடுகளையும் ஆராய்வதே வழக்கம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அளிப்புக் காணிகளைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. பெருந்தோட்டக் காணிகளோ, 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களையடுத்துப் பெரும்பாலும் அரசுக்கு உரித்தாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்திற்கு வழங்கப்பட்டவை. எனவே லயன் அறையையோ தோட்டக் காணித் துண்டையோ வெற்றுக் கடதாசியில் எழுதி எவர் விற்றாலும் அது உரித்தாகாது. வீட்டுக்குச் செல்லும் வழி தோட்டப் பாதையாயின், பாதை உரிமை உறுதியிலும் நில அளவைப் படத்திலும் குறிக்கப்பட்டுள்ளதா என்பதையும் நோக்க வேண்டும்.

மண்ணும் உறுதியும் சரியாயிருந்தால் மட்டும் போதாது, மனிதரும் வேண்டும். தமிழ்மொழி மூலப் பாடசாலை, வைத்தியசாலை, கோவில், பள்ளிவாசல், மையவாடி, கடைசி பஸ்ஸின் நேரம் ஆகியன அன்றாட வாழ்வைத் தீர்மானிப்பவை. முதலாம் தரத்திற்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது வதிவிடத் தூரமும், ஐந்தாண்டு கால வாக்காளர் பதிவும், வீட்டு உரிமை ஆவணமும் புள்ளிகளுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. எனவே குழந்தை பிறந்த பின்னர் தாமதிப்பவர்கள் இதையும் கணக்கிலெடுக்க வேண்டும்.

இவை அனைத்தையும் வாங்குபவரின் பொறுப்பென்று விட்டுவிடுவதும் நியாயமாகாது. மண்சரிவு வரைபடங்கள் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் தமிழிலும் காட்சிப்படுத்தப்பட வேண்டும். கிராம உத்தியோகத்தரும் தோட்ட நிர்வாகமும் அவற்றை மக்களுக்கு விளக்க வேண்டும். இந்திய உதவியில் 2017இல் அறிவிக்கப்பட்ட 10,000 வீடுகள் உட்பட, தோட்டங்களில் அமையும் ஒவ்வொரு வீட்டுக்கும் பாதுகாப்பான நிலமும் தெளிவான உறுதியும் ஒருசேர உறுதிப்படுத்தப்பட வேண்டும். ஒரு முற்பணம் கைமாறுவதற்கு முன்னர் ஒரு மாதம் தாமதிப்பதால் எக்குடும்பமும் நலிந்துவிடாது. விசாரியாது அவசரப்படுவதன் விலையை, அக்குடும்பத்தின் பிள்ளைகளே செலுத்த நேரும் என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.